பரிசலுக்கு ஃபிஷ் ஃபைண்டர் வாங்கலாமா?



போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். நான் எழுதுறதை விடாம படிக்கிறவர். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. "அண்ணா, நாங்க நாலு பேர் சேர்ந்து காசு போட்டு உங்க ஊர் பரிசல்காரங்களுக்கு ஃபிஷ் ஃபைண்டர் வாங்கித் தரலாம்னு இருக்கோம். மீன் எங்க இருக்குன்னு ஸ்கிரீன்லயே காட்டிடுமாம். ஆளுக்கொண்ணு குடுத்துட்டா அலைய வேண்டாம்ல?" அப்படின்னார்.

நல்ல மனசு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பதிலை உடனே சொல்ல முடியல. "ரெண்டு நாள் டைம் குடுங்க தம்பி, விவரமா எழுதுறேன்"னு சொல்லி வச்சிட்டேன். இந்த மிஷினோட ஒரு வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தியிருக்கேன். அதனால சொல்றதுக்குக் கொஞ்சம் விஷயம் இருக்கு.

முதல்ல, வெவசாயிக்கும் மீன் பிடிக்கிற மிஷினுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. எங்க ஊரு மேட்டூர் அணையோட தண்ணி தேங்குற பகுதி, கொளத்தூர் பக்கம். 1934-ல அணை நிரம்பினப்போ எங்க தாத்தா உழுத நிலமெல்லாம் உள்ள போயிடுச்சு. இப்ப அது சர்க்கார் நிலம். ஆனா தண்ணி இறங்கினா அந்த மண்ணு வெளிய வரும். வண்டல் மண்ணு, உரமே வேண்டாம். எள்ளு, சோளம், கம்புன்னு போட்டு எடுப்போம். தண்ணி திரும்பி வந்தா போச்சு, கேக்குறதுக்கு ஆளில்ல. 2024 ஜூலை ஆரம்பத்துல அணையில 40 அடி கிட்டத்தான் தண்ணி இருந்தது. கர்நாடகாவுல பெஞ்ச மழைக்கு அதே மாசக் கடைசியில 120 அடி தொட்டு அணை நிரம்பிடுச்சு. நான் போட்ட எள்ளு பாதி காய் பிடிச்சு நின்னுது. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே மூழ்கிச்சு.

என் மச்சினன் லைசன்ஸ் வாங்கி மீன் பிடிக்கிறவன். ஆக, நான் உழுற நெலத்து மேலதான் அவன் பரிசல் போடுவான். நான் கலப்பை பிடிச்ச எடத்துல அவன் வலை விடுவான். ஒரே எடம், ரெண்டு தொழில், இதுல ஒருத்தனுக்கு நல்ல வருஷம்னா இன்னொருத்தனுக்குக் கெட்ட வருஷம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்ச வருஷம் ரொம்பக் கம்மி.

அவனுக்கு மீன் கெடைக்காததை விடப் பெரிய தலைவலி ஒண்ணு உண்டு. வலை மாட்டிக்கிறது. அணைக்குள்ள என்னல்லாம் கெடக்குதுன்னு வெளியூர் ஆளுங்களுக்குத் தெரியாது. தண்ணி நல்லா இறங்கின வருஷம் பண்ணவாடியில பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளிய தெரியறதைப் பேப்பர்ல படம் போடுவாங்க, அதைப் பார்த்திருப்பீங்க. அது பெருசுங்கிறதால கண்ணுக்குத் தெரியுது. தெரியாம கெடக்குறது பனைமரத்து அடிக்கட்டை, பழைய கெணத்துச் சுவரு, கரடு, கல்லுக்கட்டு. தங்கூசி வலை ஒரு கட்டையில மாட்டினா இழுக்க இழுக்கக் கிழியும். விட்டுட்டு வந்தா முழு வலையும் போகும். அப்படிப் போன வலை சும்மாவும் கெடக்காது. அடியில கெடந்து மீனைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், பிடிபட்டது செத்து அழுகும். யாருக்கும் பிரயோஜனமில்ல. 2024-ல மட்டும் மச்சினனுக்கு அஞ்சு வலை போச்சு. அஞ்சும் கடன்ல வாங்கினது.

அதனாலதான் மிஷின் வாங்குற பேச்சே வந்தது.

முதல்ல வாங்கினது தப்பானது. ஆன்லைன்ல ஐயாயிரத்துக்குள்ள ஒண்ணு. கையடக்கமா, ஒரு ஒயர்ல உருண்டை கட்டித் தொங்குது. ஆன் பண்ணினா குட்டிக் குட்டி மீன் படமா வரும். பெரிய மீனுன்னா பெரிய படம், சின்ன மீனுன்னா சின்னப் படம், பக்கத்துலயே எத்தனை அடியில இருக்குன்னு நம்பர் வேற. மச்சினன் முதல் நாள் அதைப் பார்த்துட்டு, "மாமா, இனிமே நமக்குக் கவலையே இல்ல. கீழ மீனு சந்தையே நடக்குது"ன்னான். அன்னிக்கு ராத்திரி அந்த எடத்துலயே வலை விட்டான். காலையில வந்தது நாலு ஜிலேபியும் ஒரு மூட்டைப் பாசியும்.

ஏன் அப்படி ஆச்சுன்னு புரியறதுக்கு எனக்கு மூணு மாசம் ஆச்சு. அதைத்தான் சொல்ல வர்றேன்.

இந்த மிஷின் மீனைப் பார்க்கிறதில்லைங்க. சத்தத்தைக் கேக்குது. தண்ணிக்குள்ள விடுற பாகத்துக்கு டிரான்ஸ்டியூசர்னு பேரு. நாங்க அதைக் காதுன்னு சொல்றோம். அது நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தைக் கீழ அனுப்பும். விநாடிக்கு ரெண்டு லட்சம் தடவை அதிருற சத்தம். அது தரையிலயோ மீன் மேலயோ பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கணக்குப் போட்டு ஆழத்தைச் சொல்லும். தண்ணிக்குள்ள சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடும். 50 அடி ஆழத்துக்குப் போயிட்டு வர ஒரு விநாடியில அம்பதுல ஒரு பங்கு போதும். மீன் வயித்துக்குள்ள காத்துப்பை ஒண்ணு இருக்கே, அதுல பட்டுத்தான் சத்தம் நல்லாத் திரும்பும். காத்து இருக்கிற எதுல பட்டாலும் அப்படித்தான். பாசிக்குள்ள சிக்கியிருக்கிற காத்துக்குமிழி, அழுகுற செடியிலிருந்து மேல வர்ற குமிழி, எல்லாமே மிஷினுக்கு ஒண்ணுதான். அதுக்கு மீன் படம் போடச் சொல்லிக் குடுத்தா குமிழிக்கும் மீன் படம்தான் போடும். நாங்க பார்த்த மீன் சந்தை அதுதான்.

இதை 1948-லயே ஜப்பான்ல ஃபுருனோ கம்பெனிக்காரங்க மீன்பிடி படகுக்குன்னு செஞ்சு வித்துட்டாங்க. கடல்ல கூட்டங்கூட்டமாப் போற மீனைச் சுத்தி வளைக்கிறவங்களுக்கு அது பெரிய விஷயம். பெரிய மீன் கூட்டம் திரையில மேகம் மாதிரி தெரியும், அங்கயே வலையை இறக்கலாம். வெளிநாட்டுல ஏரியில தூண்டில் போடுறவங்களும் திரையில ஒரு மீனைப் பார்த்துட்டு அது மூக்கு முன்னாடியே தூண்டிலை இறக்குறாங்க. அவங்களுக்கு இப்ப இந்த நிமிஷம் மீன் எங்க இருக்குன்னு தெரியணும்.

எங்க ஆளுங்க தொழில் வேற. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வலையை விட்டுட்டு வருவாங்க. ராத்திரி மீன் தானா வந்து கண்ணியில மாட்டும். விடியக்காலையில போய்த் தூக்குவாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பரிசலுக்கு அடியில மீன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ராத்திரி ரெண்டு மணிக்கு அது எந்த வழியா நடமாடும்ங்கிறதுதான் கேள்வி. அதுக்கு மிஷின்கிட்ட பதில் கெடையாது.

இன்னொண்ணும் இருக்கு. அணையில விட்டு வளர்க்கிற மீன்ல முக்கியமானது மூணு. கட்லா மேல்தண்ணியில மேயும், ரோகு நடுத்தண்ணியில, மிர்கால் அடியில. மேல இருக்கிற கட்லா பரிசல் வந்தாலே ஒதுங்கிப் போயிடும், அதோட மேல்தண்ணியில மிஷினோட பார்வை ரொம்பக் குறுகல். அடியில தரையோட ஒட்டிக் கெடக்குற மிர்காலைத் தரையிலேருந்து பிரிச்சுக் காட்ட அதால முடியாது. நல்லாத் தெரியறது நடுவுல இருக்கிறது மட்டும்தான். சேத்துக்குள்ள பொதைஞ்சு கெடக்குற ஆரால் மாதிரி மீனைப் பத்திக் கேக்கவே வேண்டாம்.

அந்தப் பார்வை எவ்வளவு குறுகல்னு சொல்றேன். சத்தம் கீழ போகும்போது கூம்பு மாதிரி விரியும், டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி. சாதாரணமா இருக்கிற 20 டிகிரி கூம்புன்னா, ஆழத்துல மூணுல ஒரு பங்கு அகலத்துக்குத்தான் தரையில வட்டம் விழும். 30 அடி ஆழத்துல பத்தடி வட்டம். பத்தடி ஆழத்துல மூணரை அடிதான், நம்ம பரிசலே அதை விட அகலம். சில மிஷின்ல 60 டிகிரி கூம்பும் இருக்கு. 30 அடியில 35 அடி வட்டம் தெரியும். ஆனா அதுல பார்க்கிற கட்டை கெழக்கே இருக்கா மேக்கே இருக்கான்னு தெரியாது. 150 சதுர கிலோமீட்டருக்கு மேல விரிஞ்சு கெடக்குற தண்ணியில பத்தடி வட்டத்தை வச்சுக்கிட்டு மீனைத் தேடுறது, எங்க ஊர்ல தொலைஞ்ச ஆட்டுக்குட்டியைக் கதவுச் சாவித் துவாரம் வழியாத் தேடுற மாதிரிதான்.

அப்ப மிஷின் வேஸ்ட்டான்னு கேட்டா, இல்ல. அது தரையைக் காட்டுது. தரை நகராது. இன்னிக்குப் பார்த்த கட்டை நாளைக்கும் அங்கயேதான் இருக்கும். அதைத்தான் நம்பலாம்.

ரெண்டாவது வாங்கினது கொஞ்சம் நல்ல மிஷின். பதினாலாயிரம் ஆச்சு. என் மக தீபாவளி போனஸ்ல பாதி குடுத்தா. உள்ளங்கை அளவு கலர் திரை, ஜிபிஎஸ் இருக்கு, மேப் கெடையாது. அதைச் சோதிக்க எங்க போனோம்னா, என் எள்ளுக்காட்டுக்கு மேல.

அணையில தண்ணி 78 அடிக்குக் கீழ போனாத்தான் என் காடு வெளிய வரும். இது எனக்கு மனப்பாடம். அன்னிக்கு அணை நெலவரம் 112 அடின்னு பேப்பர்ல. அப்ப காட்டு மேல 34 அடி தண்ணி நிக்கணும். மிஷின் முப்பத்து மூணரைன்னு காட்டிச்சு. காது அரை அடி தண்ணிக்குள்ள இருக்கு, ஆகக் கூட்டிப் பார்த்தா சரி. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சுங்க. தரை ஒரே சமமா, கோடு போட்ட மாதிரி போகுது. நான் ஏர் ஓட்டின சமம். அப்புறம் திடீர்னு கோடு எட்டடி கீழ இறங்கி, திரும்ப மேல ஏறுச்சு. "மாமா, பள்ளம்"னான் மச்சினன். பள்ளமில்ல மாப்ள, அது எங்க தாத்தா வெட்டின கெணறு. பாதிக்கு மேல வண்டல் ஏறிக் கெடக்கு. அதுக்கு வடக்கால ரெண்டு பனங்கட்டை இருக்கணுமேன்னு சொன்னேன். துடுப்பை மெதுவாப் போட்டு நகர்ந்தோம். இருந்தது. தரையிலேருந்து ரெண்டு விரல் நீட்டின மாதிரி திரையில நின்னுது. மச்சினனோட வலையில ரெண்டு அந்தக் கட்டையிலதான் போயிருக்கு.

அந்த எடத்தை மிஷின்லயே குறிச்சு வச்சுக்கலாம். ஜிபிஎஸ் இருக்கிறதால அடுத்த தடவை அது பக்கத்துல கொண்டு வந்து விட்டுடும். சில அடி முன்ன பின்ன இருக்கும், பரவாயில்ல, கட்டையைத் தாண்டித் தள்ளி வலையை விட அது போதும். இப்படி ஒரு வருஷத்துல எழுபத்தி ரெண்டு எடம் குறிச்சிருக்கோம். கட்டை, கல்லு, சுவரு, பழைய ஓடை. அந்தப் பழைய ஓடைதான் உண்மையான வரவு. தண்ணி இறங்கும்போது மீன் பள்ளத்தைப் பிடிச்சுத்தான் நடமாடும். ஓடைக்குக் குறுக்கால கரை ஓரமா வலை விட்டா மத்த எடத்தை விடக் கொஞ்சம் சேர்த்து வருது. கொஞ்சம்தான். ரெண்டு மடங்குன்னெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வருஷம் இதுவரைக்கும் போன வலை ஒண்ணே ஒண்ணு. லாபம் அங்கதான்.

வாங்குறவங்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். பெரிய திரை வேண்டாம். ரெண்டு பக்கமும் போட்டோ மாதிரி காட்டுற வசதியும் வேண்டாம். அது நேரா ஒரே சீராப் போற மோட்டார் படகுக்கு நல்லா வேலை செய்யும், பரிசல் சுத்துற சுத்துக்குப் படம் குழம்பிடும். ஜிபிஎஸ் குறிப்பு அவசியம். வெயில்ல திரை தெரியுதான்னு கடையிலேருந்து வெளிய கொண்டு வந்து பாருங்க. செல்போனோட சேர்ந்து வேலை செய்யற பந்து மாதிரி ஒண்ணு விக்குது, ஒயர் இல்லாதது. கரையிலேருந்து தூண்டில் போடுறவங்களுக்கு அது சரி. பரிசல்ல ஒரு கையில துடுப்பு, ஈரக்கை, இதுல செல்போனை எந்தக் கையில பிடிக்கிறது? போன் தண்ணிக்குள்ள விழுந்தா மீனும் போச்சு, பேங்க் மெசேஜும் போச்சு.

மாட்டுற விதம் எந்தப் புஸ்தகத்துலயும் கெடையாது, ஏன்னா புஸ்தகம் எழுதினவங்களுக்குப் பரிசல் தெரியாது. படகுன்னா பின்பக்கம் ஒரு பலகை இருக்கும், அதுல திருகி மாட்டச் சொல்றாங்க. பரிசலுக்கு முன்னும் இல்ல பின்னும் இல்ல. நாங்க ஒரு மூங்கில் கழியில காதைக் கட்டி, துடுப்புப் போடுற எடத்துக்கு எதிர்ப்பக்கம், வெளிம்புல சைக்கிள் டியூப்பை வச்சு இறுக்கிட்டோம். அரை அடி தண்ணிக்குள்ள, முகம் நேராக் கீழ பார்த்து. சாஞ்சா ஆழம் தப்பாக் காட்டும். துடுப்புப் பக்கம் கட்டினா குமிழி வந்து திரை முழுக்க மழை பெய்யும். கரை வந்ததும் கழியைத் தூக்கிடணும், மறந்தா கல்லுல இடிச்சு ஒடையும். நான் ஒருக்கா மறந்தேன். காது தப்பிச்சுது, கழிதான் போச்சு.

பேட்டரிக்குத் தனியாச் செலவே இல்ல. மருந்து தெளிக்கிற பேட்டரி ஸ்ப்ரேயர்ல 12 வோல்ட் 8 ஆம்பியர் பேட்டரி இருக்கே, அதைக் கழட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல வச்சு ஒயரை மட்டும் வெளிய எடுத்தோம். எங்க மிஷின் கால் ஆம்பியர்தான் இழுக்குது. சாயங்காலம் ரெண்டு மணி நேரம், காலையில ரெண்டு மணி நேரம்னு ஓட்டினா நாலஞ்சு நாள் தாராளமா வருது.

செட்டிங்குல முதல் வேலை, மீன் படம் போடுறதை நிறுத்துங்க. அப்பத்தான் மிஷின் உண்மை பேசும். மீன் நிஜமா இருந்தா வில்லு மாதிரி வளைவா வரும். கூம்போட ஓரத்துல நுழையும்போது தூரம் ஜாஸ்தி, நேர் கீழ வரும்போது கம்மி, வெளிய போகும்போது திரும்ப ஜாஸ்தி. அதான் வில்லு. பரிசல் நின்ன எடத்துலயே நின்னு மீனும் நின்னா வில்லு வராது, நீளமாக் கோடுதான் வரும். ஒரு நாள் மச்சினன் அப்படி ஒரு கோட்டைப் பார்த்துட்டு "மாமா, முதலை!"ன்னு துடுப்பைத் தூக்கிட்டான். எங்க பக்கம் ஆத்துல முதலை இருக்கிறது நெசந்தான், அதனால நானும் ஒரு நிமிஷம் பயந்துதான் போனேன். அப்புறம் பார்த்தா, அடியில சும்மா நின்ன ஒரே ஒரு மீன். திரை நகர நகர அதையே திரும்பத் திரும்ப வரைஞ்சிருக்கு. திரையில நீளமா இருக்குன்னா நேரம் நீளம்னு அர்த்தம், மீன் நீளம்னு இல்ல. அடுத்தது, தரை கெட்டியா பாறையா இருந்தா நெறம் பளிச்சுன்னு வரும், ரெண்டு மடங்கு ஆழத்துல இன்னொரு மங்கலான தரை தெரியும். சத்தம் ரெண்டு தடவை போயிட்டு வர்றதால அப்படி. சேறுன்னா மங்கலா வரும், அந்த ரெண்டாவது தரை தெரியாது. வலையைச் சேத்துல இறக்குறோமா கல்லுல இறக்குறோமான்னு இதை வச்சே சொல்லிடலாம்.

எங்க துறையில ஒரு பெரியப்பா இருக்கார். எழுபது தாண்டிட்டார். கயித்துல கல்லைக் கட்டி இறக்குவார். பொத்துனு நின்னா கல்லு, மெதுவா இழுத்துக்கிட்டுப் போனா சேறு. அணை இத்தனை அடின்னு சொன்னா, எந்த எடத்துல எவ்வளவு தண்ணி நிக்கும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவார். மிஷினைக் காட்டினேன். "நாப்பது வருஷமா என் கயிறு சொன்னதைத்தானடா இது சொல்லுது"ன்னார். நெசம். ஆனா ரெண்டு தடவை கல்லு இறக்குற எடத்துக்கு நடுவுல இருந்த ஒரு கட்டையை மிஷின் காட்டினப்போ அவர் ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துட்டு, "இதுலதான் 97-ல என் வலை போச்சா"ன்னு கேட்டார். அப்புறம் அவரே ஏறி உக்காந்து, எங்கெங்க கட்டை இருக்குன்னு காட்ட ஆரம்பிச்சார். நாங்க குறிச்ச எழுபத்தி ரெண்டுல முப்பதுக்கு மேல அவர் சொன்னது. அந்த மிஷின்ல இருக்கிறது பாதி அவர் மூளை.

இங்கதான் எனக்கு ஒரு உறுத்தல். அவர் நாப்பது வருஷமா வலையைக் கிழிச்சுக் கத்துக்கிட்டதை, நாளைக்கு இந்த மிஷினைத் தூக்கிட்டுப் போற எவனும் ஒரு ராத்திரியில எடுத்துக்கலாம். அதனால எங்க குறிப்பை வெளியாளுக்குக் குடுக்கிறதில்லன்னு துறையில பேசி வச்சிருக்கோம். தப்புன்னு யாராவது சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்.

கடனைப் பத்தியும் சொல்லியாகணும். பக்கத்துத் துறையில ஒருத்தர் அறுபத்தி ரெண்டாயிரத்துக்குப் பெரிய திரை மிஷின் வாங்கினார். வாரத்தவணைக் கடன். மீன் ரெண்டு மடங்கு வரும், ஆறு மாசத்துல அடைச்சிடலாம்னு கணக்கு. மீன் ரெண்டு மடங்கு வரல. வந்தாலும் வெலை சொல்றது வாங்குற யாவாரிதானே? செவ்வாக்கிழமை ஆனா வீட்டு வாசல்ல தவணைக்காரங்க. கடைசியில பாதி வெலைக்கு மிஷினையும், கூடவே ஒரு மாட்டையும் வித்தார். அவர் ஏமாளி இல்லைங்க, நல்லாத் தொழில் தெரிஞ்ச மனுஷன். திரையில மீன் படம் துள்ளுற வீடியோவைப் பார்த்தா யாருக்கும் ஆசை வரும். எனக்கும்தான் வந்தது.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. புதுத்தண்ணி வர்ற காலத்துல சினை மீன் கரை ஓரமாவும் ஆத்து மேலாகவும் ஏறும். பழைய ஓடை வழி தெரிஞ்சவன் அந்தச் சமயத்துல அங்க குறுக்கால வலை விட்டா அள்ளலாம். மிஷின் வந்தப்புறம் அந்த வழி எங்களுக்கு விரல் நுனியில. அந்த மாசம் ஓடைக்குள்ள வலை விடக்கூடாதுன்னு மச்சினன்கிட்ட சொன்னேன். "நான் விடலைன்னா இன்னொருத்தன் விடுவான் மாமா"ன்னான். அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. இந்த வருஷம் அவன் விடல. அடுத்த வருஷம் தெரியாது.

இப்ப அந்தத் தம்பிக்கு என் பதில். ஆளுக்கொண்ணு வேண்டாம் தம்பி. எங்க துறையில பதினோரு பரிசல். ஒரே ஒரு மிஷின் போதும், எங்களுதே இருக்கு, முறை வச்சு எடுத்துட்டுப் போய்க் குறிச்சிட்டு வந்தா எல்லாருக்கும் ஆகும். கட்டை எங்கயும் ஓடிப் போகாது. உங்க காசுல முதல்ல லைஃப் ஜாக்கெட் வாங்குங்க. ஆடிக் காத்துல அணைக்குள்ள அலை எப்படி எழும்பும்னு கரையில நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், பரிசல் தட்டு மாதிரி சுத்தும். எங்க ஆளுங்க யாரும் ஜாக்கெட் போடுறதில்ல. நீச்சல் தெரியும்ங்கிறாங்க. வலை கால்ல சுத்திக்கிட்டா நீச்சல் தெரிஞ்சு என்ன பண்றது? எங்க துறையிலேயே அப்படி ஒருத்தரை எடுத்து வந்து கரையில போட்டதை நான் பார்த்திருக்கேன். பரிசலுக்கு ரெண்டு பேர், ஆகமொத்தம் இருபத்தி ரெண்டு ஜாக்கெட். கைக்கு எடைஞ்சல் இல்லாத மாதிரி, அக்குள் பக்கம் அகலமா வெட்டினதா பார்த்து வாங்குங்க. இல்லாட்டி துடுப்புப் போட முடியலன்னு கழட்டி உக்காருற பலகைக்கு மெத்தையா போட்டுக்குவாங்க, எனக்கு எங்க ஆளுங்களைத் தெரியும்.

காசு மிச்சமிருந்தா ரெண்டாவது மிஷின் ஒண்ணு பாருங்க, முன்னால சொன்ன மாதிரி சின்னது, ஜிபிஎஸ்ஸோட. அதைப் பெரியப்பா இருக்கிற பரிசல்ல வைக்கணும். அவருக்கு இன்னும் எத்தனை கட்டை ஞாபகத்துல இருக்கோ, அதையெல்லாம் குறிச்சு முடிக்கணும்.

இன்னிக்கு அணை 108. மிஷின்ல ஒரு குறிக்கு மச்சினன் "மாமா காடு"ன்னு பேர் வச்சிருக்கான், இங்கிலீஷ் எழுத்துல. நேத்து அந்தப் பக்கம் போனப்போ இருபத்தி ஒம்பதரை காட்டிச்சு. எள்ளு வெதை ரெண்டு படி எடுத்துப் பானையில கட்டி வச்சிருக்கேன்.